தானியேல் டேனிங் கம்பெனி லிமிடெட்

பன்னிரண்டு வயதுவரை தானியேல் மேஸ்திரிக்குப் பேரே கிடையாது. தாது வருஷப் பஞ்சத்தில் அப்பனும் ஆத்தாளும் போய்விட்டார்கள். அவர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று சொல்லக்கூட ஆள் மிஞ்சவில்லை. ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டி அள்ளிக்கொண்டிருந்த அவனை எல்லாரும் 'டேய்' என்றார்கள். அது போதுமாக இருந்தது.

ஞானஸ்நானம் கொடுக்க வந்த பாதிரியார், என்ன பேர் வேண்டும் என்று கேட்டார். "இந்த ஊர்ல வேற யாருக்கும் இல்லாத பேரா குடுங்க ஐயா" என்றான். பாதிரியார் சபைப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தானியேல் என்று எழுதினார். அன்று சாயங்காலம் வீடுவீடாகப் போய்த் தன் பேரைச் சொல்லிவிட்டு வந்தானாம். அவர் மனைவி ராஜம்மாள் சொல்லித்தான் இது தெரியும்.

முப்பது வருஷத்தில் அவர் வாஹித் பாஷாவின் ஷாப்பில் மேஸ்திரியானார். ஆவாரம் பட்டைத் தொட்டியிலிருந்து எடுத்துக் காயவைத்த ஒவ்வொரு தோலும் அவர் கைக்கு வரும். மடித்துப் பார்ப்பார். வால் பக்க ஓரத்தை மெல்லக் கீறி, நடுவரை ஒரே நிறமாகப் பட்டைச்சாறு பாய்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடிப்பார். சரியென்றால் 'டி' என்ற இங்கிலீஷ் எழுத்து வெட்டிய இரும்பு அச்சால் ஓர் அடி. இல்லையென்றால் தோல் மறுபடி தொட்டிக்குப் போகும். மெட்ராஸ் வியாபாரிகள் அந்த எழுத்து இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் விலை பேசினார்கள். 'தானியேல் தோல்' என்றே கடிதம் எழுதினார்கள்.

1920-ல் வாஹித் பாஷா, தன் மச்சான் முக்தார் அகமதைச் சேர்த்துக்கொண்டு ஷாப்பை லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்ய நினைத்தார். வேலூர் வக்கீல் ஒருவர் காகிதங்களைத் தயார் செய்தார். பேரில்தான் சிக்கல் வந்தது. ஊர்ப் பேரை வைத்துக் கேட்டார்கள். கிட்டத்தட்ட அதே பேரில் ஒரு கம்பெனி ஏற்கெனவே இருக்கிறது என்று மெட்ராஸ் ரிஜிஸ்திரார் ஆபீஸிலிருந்து பதில் வந்தது. 'ராயல்' என்று முக்தார் ஆசைப்பட்டார். ராஜாவைக் குறிக்கும் சொல்லுக்குச் சர்க்கார் தனியாக உத்தரவு தரவேண்டும் என்றார் வக்கீல். கடைசியில் வாஹித் பாஷா சொன்ன பேரைக் கேட்டு முக்தார் எழுந்தே விட்டார்.

"ஒரு கூலிக்காரன் பேரா பாய், நம்ம கம்பெனிக்கு?"

"சரக்கு ஏற்கெனவே அவன் பேர்லதானே விக்குது?"

மறுநாள் வாஹித் பாஷாவே தொட்டிக்கரைக்கு வந்தார்.

"தானியேலு, உன் பேரைக் குடுப்பியா?"

மேஸ்திரிக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்ததும் ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே நின்றார். "மட்டமான சரக்கு அந்தப் பேர்ல போவக் கூடாதுங்க சாயபு. அது ஒண்ணுதான்."

"போச்சுன்னா, அன்னிக்கே பேரை எடுத்துடறேன். அல்லா சாட்சி."

ஆட்சேபணை இல்லை என்று வக்கீல் எழுதிய காகிதத்தில் தானியேல் தமிழில் கையெழுத்துப் போட்டார். வாஹித் பாஷா சொன்ன வார்த்தை அந்தக் காகிதத்தில் இல்லை. வீட்டுக்கு வந்து சொன்னபோது ராஜம்மாள், "பேரைக் குடுத்துட்டியே, அப்புறம் உனக்கு இன்னா பேரு?" என்றாள். அவர் சிரித்தார். ஷாப்பு வாசலில் இங்கிலீஷில் பலகை ஏறியபோது படிக்கத் தெரியாவிட்டாலும் தினம் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.

எட்டு வருஷம் கழித்து வாஹித் பாஷா இறந்தார். நிர்வாகம் முக்தார் கைக்கு வந்தது. அதற்கடுத்த வருஷங்களில் தோல் விலை விழுந்தது. தோல் எடைக்குத்தானே விற்கிறது என்று, எடை கூட்ட அதில் பேதி உப்பும் வெல்லப்பாகும் ஏற்றச் சொன்னார் முக்தார். தானியேல் அச்சடிக்க மறுத்தார். "உன் அச்சு வேணாம்" என்று முக்தார் கம்பெனிப் பேர் முழுதும் வெட்டிய புது முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த மழைக்காலத்தில் இருபது கட்டுத் தோல் மெட்ராஸிலிருந்து திரும்பி வந்தது. மேலெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. கூட வந்த கடிதத்தைக் குமாஸ்தா படித்துக் காட்டினார். தானியேல் ஏமாற்றிவிட்டான் என்று இருந்தது.

மேஸ்திரி நேராக முக்தாரிடம் போனார். "என் பேர எடுத்துடுங்க சாயபு."

"உன் பேரா? அது கம்பெனி பேரு. நீ வேலைக்காரன். இஷ்டமில்லன்னா நின்னுக்கோ."

அன்றே நின்றுகொண்டார். அந்த வாரமே ரயிலேறி மெட்ராஸ் போனார். அப்போது அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது. ரிஜிஸ்திரார் ஆபீஸில் ஒரு குமாஸ்தா பொறுமையாக விசாரித்து, பெரிய புத்தகத்தைத் திறந்து வரியைக் காட்டினார்.

"இதுல இருக்கறது நீங்க இல்ல பெரியவரே. சட்டப்படி கம்பெனிங்கறது தனி ஆளு. பேரும் அதோடது."

"நான் உயிரோட இருக்கிறேனுங்களே."

வழி ஒன்று இருக்கிறது என்றார் குமாஸ்தா. கூட்டம் போட்டு, பங்குக்காரர்களில் நாலில் மூன்று பங்கு ஓட்டு விழுந்தால் பேரை மாற்றலாம். அதற்குமேல் சர்க்கார் சம்மதமும் வேண்டும்.

வாஹித் பாஷாவின் பங்குகள் அவர் மனைவி அக்தரி பேகத்துக்கும் இரண்டு பெண்களுக்கும் வந்திருந்தன. கம்பெனியில் முக்காலுக்கு மேல் அவர்களுடையதுதான். ஆனால் முக்தார், அக்தரி பேகத்தின் கூடப்பிறந்த தம்பி. தானியேல் இரண்டு நாள் யோசித்துவிட்டுத்தான் அந்த வீட்டு வாசலுக்குப் போனார். பேகம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார்.

"அவரு உங்களாண்ட இன்னா சொன்னாரு?"

மேஸ்திரி சொன்னார்.

"எழுத்துல இருக்கா?"

"இல்லீங்கம்மா. தொட்டிக்கரையில சொன்னாரு. அல்லா சாட்சின்னாரு."

"பேரை எடுத்தா வாங்கறவங்களும் போய்டுவாங்கன்னு தம்பி சொல்றான். ஷாப்பு நிக்காதாம்."

"அதுவும் நடக்கும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"நடந்தா உங்க ஜனங்களுக்குத்தான் ஜாஸ்தி கஷ்டம். தெரிஞ்சுதானே கேக்கறீங்க?"

"தெரிஞ்சுதாம்மா."

"போய்ட்டு வாங்க" என்றார் பேகம்.

பங்குக்காரராக அவர் கேட்டுக் கூட்டிய கூட்டத்துக்கு, தன் ஓட்டையும் பெண்களின் ஓட்டையும் வக்கீல் மூலம் அனுப்பினார். பேர் மாற்ற வேண்டும் என்று தம்பிக்கு எதிராகவே அது இருந்தது. அதற்குப் பிறகு முக்தார் அக்கா வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. ரமலான் பெருநாளிலும் வரவில்லை. சர்க்கார் சம்மதம் கிடைக்க ஏழு மாசமாயிற்று. கெஜட்டில் இரண்டு வரி வந்தது. பலகையைக் கழற்றியபோது தானியேல் அங்கே போகவில்லை.

முக்தார் சொன்னதுபோலவே ஆயிற்று. புதுப் பேரில் போன சரக்கை யாரும் கேட்கவில்லை. ஒன்றரை வருஷத்தில் ஷாப்பை மூடினார்கள். அறுபத்துச் சொச்சம் பேருக்கு வேலை போயிற்று. அவர்களில் ராஜம்மாளின் தம்பி அந்தோணியும் ஒருவன். குழாயடியில் பெண்கள் ராஜம்மாள் காதுபடவே பேசினார்கள். ஒருநாள் அந்தோணி வீட்டுக்குள் வந்து நின்றான்.

"உன் பேரு உனக்குப் பெருசாப் போச்சு மாமா. எங்க வயித்துக்கு இன்னா பதில்?"

செய்தது தப்பு என்று தானியேலுக்குத் தோன்றவில்லை. அந்தோணி கேட்டது தப்பு என்றும் தோன்றவில்லை. இரண்டும் சேர்ந்து அவரைத் தூங்கவிடாமல் செய்தன என்று ராஜம்மாள் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை முதல் அவர் நடக்க ஆரம்பித்தார். பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று ஒவ்வொரு ஷாப்பாகப் போய், வேலையிழந்தவர்களுக்கு வேலை கேட்டார். சில இடங்களில் அவரையே மேஸ்திரியாக வரச் சொன்னார்கள். "எனக்கு வேணாங்க, இவனுக்குக் குடுங்க" என்பார். கோடை முழுக்க நடந்தார். பதினோரு பேருக்குத்தான் கிடைத்தது. அந்தோணிக்கு எட்டாவதாகக் கிடைத்தது, பேர்ணாம்பட்டில். மற்றவர்கள் கோலார் சுரங்கத்துக்கும் மெட்ராஸுக்கும் போனார்கள். சிலர் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை.