மாதத்தில் ஒரு புதன்கிழமை

கற்பகம் சூரியநெல்லி எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். ஏலத்தோட்டத்து ஊர்களுக்கு நடுவே இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனையில் மயக்கப் பிரிவு டெக்னீஷியனாகச் சேர்ந்து பதினோரு வருஷமாகிறது. மயக்கம் கொடுப்பது டாக்டர் ஷிஜி. நோயாளியின் மூச்சுக்குழாய்க்குள் விடும் குழாயை அளவு பார்த்து எடுத்து வைப்பது, அதற்கு அரை அளவு கூடியதையும் குறைந்ததையும் பக்கத்தில் வைப்பது, சளி உறிஞ்சும் மிஷின் ஓடுகிறதா என்று பார்ப்பது எல்லாம் கற்பகத்தின் பொறுப்பு. பெரியவர்கள் என்றால் அவளுக்குப் பதற்றமே கிடையாது. நாலு வயதுப் பிள்ளை மேஜையில் படுத்தால் மட்டும் எல்லாவற்றையும் இரண்டாவது முறை சரிபார்ப்பாள். அந்த மூச்சுக்குழாய் அவள் சுண்டுவிரல் பருமன்கூட இருக்காது.

தொண்டை ஆபரேஷன் செய்யும் டாக்டர் மாதத்தில் முதல் புதன்கிழமை மட்டுமே வருவார். அன்றைக்குப் பிள்ளைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அடுத்த மாதம்தான்.

சக்குபள்ளத்திலிருந்து முத்துமாரி தன் மகள் அனுப்பிரியாவைக் கூட்டி வந்தது அப்படித்தான் இழுத்துக்கொண்டே போனது. டான்சில் வீங்கி, தூக்கத்தில் பிள்ளைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. முதல் மாதம் காய்ச்சல். இரண்டாவது மாதம் இருமல். அன்று கற்பகம் எரிந்து விழுந்தாள்.

"இப்படி இருமிக்கிட்டே கூட்டிட்டு வந்தா என்ன செய்யறது? முன்னாடியே போன் பண்ணக் கூடாதா?"

"யாருக்குப் பண்ணச் சொல்றீகக்கா?" என்று முத்துமாரி திருப்பிக் கேட்டாள். அப்படி ஒரு நம்பரே ஆஸ்பத்திரியில் கிடையாது.

மூன்றாவது மாதம் பிள்ளை தெளிவாக இருந்தாள். ஷிஜி நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்தார், சத்தம் ஏதுமில்லை. இருமல் இருந்ததா என்று கேட்டதற்கு, "ஒரு வாரமா நல்லாத்தான் இருக்கா டாக்டர்" என்றாள் முத்துமாரி.

மாஸ்க் வைத்துப் பிள்ளை கண் மூடினாள். கற்பகம் கையைப் பிடித்துக்கொள்ள, ஷிஜியின் ஜூனியர் நரம்பில் ஊசி ஏற்றினார். அந்த நேரத்தில் பிள்ளையின் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம். பிறகு சத்தமே இல்லை. நெஞ்சு உள்வாங்கியது. மாஸ்க்கோடு இணைந்த காற்றுப் பையை ஷிஜி அமுக்கினார், அது கல்லாக நின்றது.

"தொண்டை இறுகிடுச்சு" என்றார் ஷிஜி.

மயக்கம் முழுதாக இறங்கும் முன் சளி ஒரு துளி பட்டாலும் குரல்வளை இறுக மூடிக்கொள்ளும். சளி பிடித்த பிள்ளைக்கு அது சுலபத்தில் நடக்கும். ஷிஜி தாடையைத் தூக்கிப் பிடித்து மாஸ்க்கை அழுத்தினார். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றிரண்டு, எண்பத்தொன்று, அறுபத்தெட்டு. உதடு நீலம் பாய்ந்தது. கற்பகம் ஏற்கெனவே நிரப்பி வைத்திருந்த சிரிஞ்சை நீட்டினாள். இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்து ஏறியது. சில விநாடிகள் கழித்துப் பை அசைந்தது, நெஞ்சு எழும்பியது. தொண்டையை உறிஞ்சியபோது மஞ்சள் சளி வந்தது.

"இன்னைக்கு வேண்டாம். எழுப்பிடலாம்" என்றார் ஷிஜி.

பிள்ளை விழித்து அழ ஆரம்பித்த பிறகு கற்பகம் வெளியே வந்தாள்.

"இருமல் இருந்துச்சுதானே? ஏன் மறைச்சீங்க?"

"ரெண்டு நாளா இருந்துச்சுக்கா. காலையில மருந்து குடுத்துட்டுத்தான் பஸ் ஏறுனோம். சொன்னா திருப்பி அனுப்பிருவீகள்ல?"

"பிள்ளை போயிருப்பா, தெரியுமா?"

முத்துமாரி முகம் வெளுத்தது. "அதை ஒருத்தரும் சொல்லலையே. சளி போனாத்தான் ஆபரேஷன்ங்கிறீக. ஆபரேஷன் பண்ணாத்தான் சளி போகும்ங்கிறீக. நான் எங்கதான் போறது?"

கோபத்தோடு வந்த கற்பகத்துக்கு அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை. நேராக சூப்பிரண்டு கோபிநாத்தின் அறைக்குப் போனாள். பிள்ளைகளுக்கு மாதத்தில் இன்னொரு நாள் வேண்டும், முந்தைய வாரமே வீட்டுக்குப் போன் செய்து விசாரிக்க ஓர் ஆள் வேண்டும் என்றாள்.

"எழுதிக் குடுங்க, பார்க்கலாம்."

"ரெண்டு தடவை குடுத்துட்டேன் சார்."

"அப்போ மூணாவதா ஒண்ணு குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். கையோடு, பட்டியலில் இருந்த ஏழு பிள்ளைகளின் வீட்டு நம்பரையும் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். ஆபரேஷனுக்கு முந்தின வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். முத்துமாரியிடம், "மூக்கு ஒழுகுறது அவளுக்கு எப்பவும் உள்ளது, அது இருக்கட்டும். புதுசா இருமலோ காய்ச்சலோ வந்தா மறைக்காம சொல்லுங்க. பட்டியல்ல இருந்து உங்க பேரை எடுக்க விடமாட்டேன்" என்றாள். சொன்ன பிறகுதான், அப்படிச் சொல்லத் தனக்கு அதிகாரம் ஏது என்று தோன்றியது.

நாலாவது மாதம் முத்துமாரியே கூப்பிட்டு, பிள்ளைக்கு இருமல் என்று சொல்லி வராமல் இருந்துவிட்டாள். ஐந்தாவது மாதம் ஆபரேஷன் நடந்தது. குழாய் ஒரே தடவையில் இறங்கியது, எடுக்கும்போதும் வம்பில்லை. மறுநாள் பிள்ளை ஐஸ்கிரீம் கேட்டாள் என்று முத்துமாரி சொல்லிச் சிரித்தாள். கற்பகமும் சிரித்தாள்.

ஆனால் ஆபரேஷன் நடந்த அதே புதன்கிழமை, போன் எடுக்காத ஒரு வீட்டிலிருந்து காய்ச்சலோடு ஒரு பிள்ளை வந்திருந்தது. ஷிஜி முடியாது என்றார். பிள்ளையின் அப்பா வராந்தாவில் நின்று கற்பகத்தைப் பார்த்துக் கத்தினார்.

"இன்னும் ஒரு மாசமா? உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

அவர் கத்தி முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றாள். பிறகு அவருடைய சரியான நம்பரைக் கேட்டாள்.