அரக்கின் எடை

காய்கறிக் கடைத் தராசில் முதலில் வெறும் பிளாஸ்டிக் பையை வைத்து, எண் ஓடி நிற்கும்வரை கண் கொட்டாமல் பார்த்தார் வக்கீலம்மா. நாலு கிராம்.

"இதக் கழிச்சுட்டுத் தக்காளிய நிறுங்கண்ணே."

"தினம் தினம் இதே ரோதனை. உங்க சொத்தையா எழுதி வாங்கிட்டேன்?" என்றார் கடைக்காரர்.

"உங்க மேல சந்தேகம் இல்லண்ணே. தராசு மேலதான்."

கடைக்காரர் மேலும் சந்தேகம்தான். அதைச் சொல்லாமல் விட்டது வெறும் மரியாதை. கோர்ட்டில் வக்கீலம்மாவுக்கு 'சந்தேகத்தம்மா' என்று பெயர். தாமே டைப் அடித்த மனுவைத் தாமே எதிர்த்தரப்பு வக்கீல் மாதிரி படிப்பார். நகல் வாங்கினால் பக்கங்களை எச்சில் தொடாமல் இரண்டு முறை எண்ணுவார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தால், "இது எதுக்கு, இது எதுக்கு?" என்று குறுக்கு விசாரணை நடக்கும். கணக்கு வாத்தியாரான அவர் கணவர் சொல்வார்: "இருபத்தெட்டு வருஷமாச்சு. எனக்கு ஜாமீன்தான் குடுத்திருக்கா. விடுதலை இன்னும் குடுக்கல."

போதைப்பொருள் வழக்குகள்தான் அவர் பிழைப்பு. அவரிடம் வருகிறவர்கள் யாரும் மாளிகையில் இருப்பவர்கள் அல்ல. பை தூக்கியவன், வண்டி துடைத்தவன், வாசலில் நின்றவன், இவர்கள்தான். கஞ்சா இருபது கிலோவுக்குள் இருந்தால் தண்டனை நீதிபதியின் கையில். ஒரு கிராம் தாண்டினாலும் குறைந்தது பத்து வருஷம். நீதிபதியே உருகி அழுதாலும் ஒரு நாள் குறைக்க முடியாது. இந்தச் சட்டத்தைத் திருத்தப் போகிறோம் என்று ஒரு குழு வந்து கருத்துக் கேட்டபோது, வக்கீலம்மா எழுந்து, "மூட்டைக்குச் சொந்தக்காரனுக்கும் மூட்டையத் தூக்கினவனுக்கும் ஒரே தண்டனையா? மொதல்ல ஆளப் பாருங்க, அப்புறம் எடையப் பாருங்க" என்றார். குழுத் தலைவர் நன்றாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலையும் அவர் நம்பவில்லை. "ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்களுக்கும் உண்டா? அத எழுத்துல குடுங்க" என்றார். எழுத்தில் இன்றுவரை வரவில்லை.

தையல்காரப் பெண் அவரைத் தேடி வந்தது இந்த வருஷத் தொடக்கத்தில். அவள் தம்பி லாரியில் கிளீனர், வயது இருபத்திரண்டு. டிரைவர் கொடுத்த மூட்டையோடு பிடிபட்டான். டிரைவர் கம்பி நீட்டிவிட்டான். பறிமுதல் குறிப்பில் எடை, இருபது கிலோ நூற்று நாற்பத்து மூன்று கிராம்.

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் விட்ருவாங்களாம்மா. மன்னிப்புக் கேட்டா ஜட்ஜ் எரக்கம் காட்டுவாராம்."

"யாரு சொன்னா?"

"ஸ்டேஷன்ல ஒரு ஏட்டையா. நல்ல மனுஷன்மா."

"நல்ல மனுஷனா? அப்ப ரொம்பக் கவனமா இருக்கணும். ஒத்துக்கிட்டா பத்து வருஷம். உன் தம்பி வெளிய வரும்போது அவனுக்கு முப்பத்திரண்டு. புரியுதா?"

அந்தப் பெண் அங்கேயே பொலபொலவென்று அழுதாள். வக்கீலம்மா தண்ணீர் கொடுத்தார், ஆறுதல் சொல்லவில்லை. சொல்லத் தெரியாது.

சிறையில் போய்ப் பார்த்தபோது கிளீனர் ஒளிக்கவில்லை. "உள்ள என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சுதான் தூக்குனேன் மேடம். மாட்டேன்னா வேலை போயிருக்கும்." இவ்வளவு சுலபமாக உண்மை வருகிறதே, யாராவது சொல்லிக்கொடுத்தார்களோ என்று அவன் மேலும் அவருக்குச் சந்தேகம். மூன்று தடவை மாற்றி மாற்றிக் கேட்டார். மூன்று தடவையும் அதே பதில். வீட்டுக்கு வந்து கணவரிடம், "பாவம்ங்க, பொய் சொல்லக்கூடத் தெரியல" என்றார். பிறகு பறிமுதல் குறிப்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூட்டையைக் கட்டிய நேரம் ஒரு வரியில், எடை போட்ட நேரம் ஐந்து வரி தள்ளி. இடையில் நாற்பது நிமிஷம். இந்த நாற்பது நிமிஷம் எங்கே போனது?

விசாரணை நாளில் கூண்டில் நின்ற இன்ஸ்பெக்டரிடம் சாவதானமாக ஆரம்பித்தார்.

"பிடிச்ச இடத்துல தராசு இருந்துச்சா?"

"இல்ல மேடம். பக்கத்து மளிகைக் கடைக்குக் கொண்டுபோய் நிறுத்தோம்."

"நல்லது. வழியில யாரும் கைய வச்சிடக் கூடாதுல்ல? சீல் வச்சுத்தான கொண்டுபோனீங்க?"

"ஆமா மேடம்." இன்ஸ்பெக்டர் நெஞ்சை நிமிர்த்தினார். "பக்காவா துணியில கட்டி, அரக்கு உருக்கி ஊத்தி, சீல் வச்சுட்டுத்தான் எடுத்துட்டுப் போனோம்."

"கடையில சீல உடச்சீங்களா?"

"சீல எப்படி மேடம் உடைக்கிறது? அப்படியேதான் நிறுத்தோம்."

அரசு வக்கீல் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். வக்கீலம்மா நீதிபதி பக்கம் திரும்பினார்.

"துணி போலீஸோடது. அரக்கு போலீஸோடது. எங்க ஆளு கஞ்சா கடத்தினான்னு கேஸு. அரக்கையுமா கடத்தினான்?"

மூட்டையை இப்போது நிறுப்பதில் அர்த்தமில்லை, இலை காய்ந்து எடை குறைந்திருக்கும் என்று அரசு வக்கீல் எழுந்தார்.

"இலை காயும், ஒத்துக்கறேன். துணியும் அரக்குமா காயும்? மேல இருக்கறத மட்டும் தனியா நிறுத்துப் பாக்கட்டும்."

நிறுத்தார்கள். அதற்கு முன் தராசில் ஒன்றுமே இல்லாதபோது பூஜ்யம் காட்டுகிறதா என்று வக்கீலம்மா கிட்டப் போய்ப் பார்த்தார். துணியும் கயிறும் அரக்கும் சேர்ந்து நூற்று எழுபத்தொரு கிராம். கழித்தால் மிச்சம் பத்தொன்பது கிலோ தொள்ளாயிரத்து எழுபத்திரண்டு கிராம். ஒரு மனுஷனின் பத்து வருஷம் அந்தச் சிவப்பு அரக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது, அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

இருபது கிலோவுக்குள் வந்துவிட்டதால் முடிவு நீதிபதியின் கைக்கு வந்தது. அவர் கிளீனரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, வேலையைப் பற்றியும் வீட்டைப் பற்றியும் நாலு கேள்வி கேட்டார். உள்ளே இருந்த பதினொரு மாதமே தண்டனை என்று முடித்தார். தையல்காரப் பெண் கும்பிட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

"இரும்மா, இன்னும் கையெழுத்துக் காயல" என்றார் வக்கீலம்மா. விடுதலை உத்தரவில் பெயர், தகப்பன் பெயர், வழக்கு எண், தேதி எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒரு எண் மங்கலாக இருந்ததால் புதிதாக அடித்து வாங்கினார்.

மறுநாள் காலை சிறை வாசலுக்கும் வந்துவிட்டார். வெளியே வருகிறவனின் பையில் யாராவது எதையாவது செருகிவிட்டு, நாலடி தள்ளி மறுபடி பிடிக்கலாமே! அதனால் தன் கட்சிக்காரர்களைச் சொந்தக்காரர்கள் தொடுவதற்கு முன்னால் அவரே சட்டைப் பையையும் கால்சட்டைப் பையையும் வெளியே இழுத்துப் பார்த்துவிடுவார். இது அவர் வழக்கம்.

சின்னக் கதவு திறந்தது. கிளீனர் குனிந்து வெளியே வந்தான். பாய்ந்த அக்காவை ஒரு கையால் நிறுத்திவிட்டு, வக்கீலம்மா அவன் எதிரே போய் நின்றார். அவர் வாய் திறக்கவில்லை. அதற்குள் அவன் கால்களை அகட்டி, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி நின்றான்.

வக்கீலம்மா அவன் பையைத் தொடவில்லை. வலது கையைப் பிடித்து மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு இடது கையை.