படாளத்தில் ஒரு பேப்பர் சுவர், ஒரு மாடு

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக ஒரு சுவரைப் பார்க்க யாராவது பஸ் ஏறுவார்களா? நான் ஏறினேன். 2007 பிப்ரவரி அது. சிறுசேரி ஆபீசில் என் பக்கத்து சீட்டுக்காரர் செந்தில், படாளத்தில் வாங்கிய மனையில் பழைய பேப்பரை அரைத்து, சிமென்ட்டும் மணலும் கலந்து வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வசந்தி அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்க்க வருகிறார். சுவர் மேல் நம்பிக்கை வராவிட்டால், மனையை விற்றுவிட்டு ஃபிளாட் வாங்குவது என்று இருவருக்கும் பேச்சு. தன் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டுமென்று செந்தில் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

செங்கல்பட்டில் ஏழரை மணிக்கு மதுராந்தகம் பஸ், டிக்கெட் ஏழு ரூபாய். அரை மணி நேரத்தில் படாளம் கூட்டுரோடு. அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முப்பது ரூபாய் கேட்டதால் நடந்தேன். கரும்பு லாரிகள் கிளப்பும் புழுதிக்குக் கைக்குட்டை அவசியம்.

சுவர் இடுப்பளவு வளர்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பலகை நிறுத்தி, போல்ட் போட்டு இறுக்கி, நடுவே அந்தப் பேப்பர்க் கூழை ஊற்றுகிறார்கள். தண்ணீர் வடிந்து இறுகியதும் போல்ட்டைத் தளர்த்தி, அதே பலகைகளை மேலே ஏற்றி அடுத்த வரியை ஊற்ற வேண்டியதுதான். மேஸ்திரி ஏழுமலைக்கு இதில் துளியும் மனமில்லை.

"இன்னா சார், ஊருக்கே கூழு காச்சினுகீறியா?" என்று செந்திலைக் கேட்டார். நானும் ஒரு வாளி வாங்கி ஊற்றினேன். முழங்கை வரை சாம்பல் நிறம், ஆனாலும் சுகமான வேலை.

பதினோரு மணிக்கு வசந்தி வந்தார். முந்தின நாள் ஊற்றிய வரியில் விரலை வைத்து அழுத்தினார். பள்ளம் விழுந்தது.

"என்னங்க இது, இட்லி மாதிரி அமுங்குது? இதுக்குள்ள பிள்ளைங்களைத் தூங்க வைக்கிறதா?"

"அது இன்னும் காயல வசந்தி" என்றார் செந்தில். அவர் குரலே இறங்கிவிட்டது. அவர் பக்கம் பேச வந்த நான் கையில் ஒட்டிய கூழைச் சுரண்டினேன். எனக்கென்ன தெரியும், நான் ஊற்றியது ஒரு வாளி!

அப்போதுதான் எங்கிருந்தோ ஒரு மாடு வந்து பேப்பர் மூட்டையில் வாய் வைத்தது. ஏழுமலை கல்லெடுத்து விரட்டினார். அது நிதானமாகச் சுவரின் மறுகோடிக்கு, மூன்று வாரம் முன்பே ஊற்றிக் காய்ந்த பகுதிக்குப் போய், கழுத்தை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தது. சும்மா இல்லை, முழு பலத்தோடு.

"போச்சு" என்று செந்தில் கண்ணை மூடிக்கொண்டார்.

சுவர் அசையவில்லை. மாடு கழுத்தைத் திருப்பி மறுபக்கத்தையும் தேய்த்துக்கொண்டது.

"யம்மாடி! யக்கா, பாத்துகினியா, நிக்குது!" என்று கத்தியவர் ஏழுமலை.

வசந்தி, மாடு போகும்வரை பார்த்திருந்துவிட்டுச் செந்திலிடம் கேட்டார்: "சமையல்கட்டு ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கிறீங்க?" எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: தொப்பி, குடிதண்ணீர், ரப்பர் கையுறை எடுத்துப் போங்கள், சிமென்ட் கையை அரித்துவிடும். மழைக்காலத்தில் போகாதீர்கள், கூழ் காயாது. நேற்று ஊற்றிய வரியை விருந்தாளிக்குக் காட்டாதீர்கள்.

அந்த ஜன்னலின் இடத்தை வசந்தி இதுவரை மூன்று முறை மாற்றிவிட்டார். ஒவ்வொரு முறையும் செந்தில் சிரித்துக்கொண்டே பலகையைக் கழற்றுகிறார்.