வைரவர் நடத்திய விசாரணை

போன வாரம் ஒரு வாசகி ஐரிஷ் துப்பறியும் நாவல் ஒன்றை அனுப்பியிருந்தார். சதுப்பு நிலத்தில் ஒரு பிணம். பக்கத்தில், யாரும் வெட்டத் துணியாத ஒரு முள்மரம். 'கொன்றது மரத்தடித் தேவதைகள்தான்' என்கிறது ஊர். இன்ஸ்பெக்டர் நம்புவாரா? வீடு வீடாகப் போய் வாக்குமூலம் எழுதுகிறார், எழுதுகிறார்... பாதிப் புத்தகத்துக்கு எழுதுகிறார்.

நான் சிரித்துவிட்டேன். இந்த மனிதரை எனக்கு முன்பே தெரியும்.

யுத்த காலம். மட்டக்களப்பு டவுனில் கெடுபிடி அதிகமென்று, வாவிக்கு மேற்கே பழுகாமத்தில் அக்கா வீட்டில் போய் இருந்தேன். அத்தான் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். பேய், குறி, செய்வினை — எதுவும் அவரிடம் செல்லாது. வந்தவனை மந்திரத்தால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று பெயரெடுத்த மட்டக்களப்பில் இப்படியும் ஒருவர்.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பூமணி அக்காவின் தண்ணீர் இறைக்கும் மெஷின் களவு போனது. வயல் வட்டையில் நெல் கதிர் தள்ளும் தறுவாய். மழை இல்லை. தண்ணீர் பாயாவிட்டால் வயல் முழுதும் கருகிவிடும். அவருடைய கணவரை முன்பே 'விசாரிக்க' என்று யாரோ கூட்டிப் போயிருந்தார்கள், அவர் திரும்பவே இல்லை. அவருக்கும் பிள்ளைகளுக்கும் அந்த வயல்தான் சோறு.

பொலிஸ்? வாவியைத் தாண்டி வரும் நிலையில் அவர்கள் இல்லை. அத்தானுக்குக் கை துறுதுறுத்தது. தன் கைபிடிக் கதிரையை முற்றத்தில் போட்டு உட்கார்ந்து விசாரணையைத் தொடங்கினார்.

"கடைசியா மெஷினை ஆர் கண்ட?"

"நான் காணல்ல ஐயா."

"களவு போன அண்டைக்கு நீ எங்க நிண்ட?"

"நான் ஒண்டும் காணல்ல ஐயா."

"சரி, உன்ர பேரென்ன?"

"எனக்கு ஒண்டும் தெரியா ஐயா."

குறை சொல்ல முடியுமா? கேட்பவர் யாராக இருந்தாலும் எதையும் பார்க்காமல் இருப்பதே உயிருக்குக் காப்பு என்று அந்த வருடங்கள் எல்லோருக்கும் பாடம் எடுத்திருந்தன.

பூமணி அக்கா பொறுத்துப் பார்த்தார். பிறகு, வைரவர் கோயிலில் சாமியாடிக் குறி சொல்லும் கட்டாடியாரிடம் போனார். கட்டாடியார் யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஊரைக் கூட்டி ஒன்றே ஒன்று சொன்னார்.

"வெள்ளிக்கிழமைப் பூசையில வைரவர் வந்து பேர் சொல்லுவார். அடுத்தவன்ட பொருள் ஆரிட்ட இருந்தாலும் அதுக்கு முதல் புளியமரத்தடியில கொண்டு வைங்க. மறுகா என்னில குறை சொல்லப்படா."

என்ன பொருள் என்று சொன்னாரா? இல்லை. அங்கேதான் வந்தது வினை.

வெள்ளி காலையில் போய்ப் பார்த்தால்... மெஷின் இருந்தது. அதோடு இரண்டு சைக்கிள் ரிம், ஒரு பெரிய சமையல் கிடாரம், மீன் வலை, கோயில் குத்துவிளக்கு, கயிற்றோடு ஒரு ஆடு. பாதிப் பொருள்கள் காணாமல் போனதே உரியவர்களுக்குத் தெரியாது.

பூமணி அக்கா மெஷினைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இத எடுத்தவன் வைரவருக்குப் பயந்தவன். என்ட மனிசனக் கொண்டுபோனவனுகளுக்கு அந்தப் பயமும் இல்லாமப் போச்சு."

அன்று பின்னேரமே வயலுக்குத் தண்ணீர் பாய்ந்தது.

ஐரிஷ் இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு குற்றவாளியைப் பிடிக்கக் கடைசி அத்தியாயம் வரை ஓடுகிறார். எங்கள் வைரவர் இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். ஆட்டுக்குப் பக்கத்தில், கைபிடி வைத்த மரக் கதிரை ஒன்றும் இருந்தது — முதுகில் வெள்ளைப் பெயின்டில் பொலிஸ் நிலைய இலக்கத்தோடு. யாருடையது என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை.

அன்று முதல் அத்தான் தேத்தண்ணீரை நின்றுகொண்டுதான் குடித்தார்.