ஒத்தக் கேன் சரண்யா

சரண்யாதேவிக்கு நான் பதினெட்டாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு முடிக்காமல் கிளீனராக லாரியில் ஏறி, இன்றைக்கு ஏழு லாரிக்குச் சொந்தக்காரனாக இருப்பவன் நான். பேங்க்காரர்கள் என் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டு, “உங்களுக்கு லோன் வேணுமாய்யா?” என்று கேட்டுப் போவார்கள். அப்பேர்ப்பட்ட நல்லகாமன், ஒரு பால்காரர் மகளுக்குப் பாக்கி வைத்திருந்தேன். கை நீட்டி வாங்கிய கடன் இல்லை அது. வாய் நீண்டதால் வந்த கடன்.

தனக்கன்குளம் பேச்சிமுத்துவின் ஒரே மகள்தான் சரண்யாதேவி. அப்பனுக்கு மூட்டுவலி வந்த வருஷம் பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து எக்ஸெல் வண்டியில் இரண்டு பக்கமும் பால் கேனைக் கட்டிக்கொண்டு, திருப்பரங்குன்றம் வழியாகப் பசுமலைக்குப் போய்ப் பால் ஊற்றுவது அவள்தான். ஊற்றிவிட்டு வந்து குளித்து, காலேஜுக்குப் போய், பி.காம். முடித்தாள். படிப்பு முடிந்தும் பால் வியாபாரத்தை விடவில்லை. போகிற வழியில் என் லாரி செட்டில் நிறுத்தி முதல் பாலை எங்கள் சொம்பில்தான் ஊற்றுவாள். கைராசிக்காரன் என்று என்னிடம் போணி பண்ணுகிறாள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்வது. செட் வழியில் இருப்பதால்தான் என்று அவள் சொல்வாள்.

பால் வண்டி ஓட்டுவதற்கு ஒரு நெளிவு சுளிவு உண்டு. திருப்பத்தில் வண்டியைச் சாய்க்கலாம், ஆள் சாயக்கூடாது. முதுகு நட்ட கம்பு மாதிரி நிற்கவேண்டும். இடுப்புக்குக் கீழே வண்டி மட்டும் போய் வரவேண்டும். ஆளும் சேர்ந்து விழுந்தால் பால் அலம்பி மூடியோரம் வடிந்துவிடும். சரண்யா சொட்டு சிந்தமாட்டாள். அவள் பசுமலை ஏற்றத்தில் திரும்புவதைப் பார்த்துத்தான் ஸ்டீவ் அவளைப் பைக் பந்தயத்துக்கு இழுத்தான்.

ஸ்டீவ் பசுமலையில் மெக்கானிக் கடை வைத்திருப்பவன். ஒரு காலத்தில் கோயம்புத்தூரில் பைக் பந்தயம் ஓடியவன். காறை எலும்பில் பிளேட் வைத்திருக்கிறது. மழை வந்தால் அதுதான் முதலில் சொல்லும் என்பான். தன்னுடைய பழைய பந்தய பைக்கைத் துடைத்து அவள் கையில் கொடுத்துவிட்டான்.

ஒரு சாயங்காலம் செட்டுக்கு எதிரே டீக்கடையில் ஸ்டீவ் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். வெளிநாட்டுப் பந்தயம். ஒவ்வொருத்தனும் திருப்பத்தில் தரையோடு தரையாகப் படுக்கிறான். முட்டி உரசுகிறது. ஒருத்தனுக்கு முழங்கையே உரசுகிறது. அப்படியே எழுந்து போகிறான்.

“இதெல்லாம் கம்ப்யூட்டர் வேலைப்பா” என்றேன். “நாற்பது வருஷம் லாரியோட கிடந்தவன் நான். வளைவுல சாஞ்ச வண்டி எந்திரிச்சதா சரித்திரமே இல்ல.”

“லாரி வெளிப்பக்கம் சாயும், பெரியப்பா. பைக் உள்பக்கம் சாயும். ரெண்டும் வேற” என்றாள் சரண்யா, டீக்கடைக்குச் சாயங்காலப் பால் கேனை இறக்கிக்கொண்டே.

“நீ சாஞ்சு காட்டு, தாயி. முட்டி தரையில உரசி, நீ எந்திரிச்சு வந்துட்டேன்னா, உனக்குப் பந்தய டயர் ரெண்டும் என் செலவு.”

பெஞ்சில் இருந்தவர்கள் கைதட்டிவிட்டார்கள். டயர் என்ன விலை என்று அதற்குப் பிறகுதான் விசாரித்தேன். ஜோடி பதினெட்டாயிரம்! ரப்பர் மெழுகு மாதிரி இளகி ரோட்டைப் பிடிக்குமாம். நடுவில் மட்டுமல்லாமல் ஓரம் வரைக்கும் உருண்டையாக இருக்குமாம், சாய்ந்தாலும் தரையில் படுவதற்கு ரப்பர் இருக்கவேண்டும் என்று. அந்த டயர் இல்லாமல் கோயம்புத்தூர்ப் பந்தயத்துக்கு அவள் பெயர் கொடுக்க முடியாது. பேச்சிமுத்துவிடம் மாட்டுத் தீவனத்துக்கே கணக்குப் பார்த்துத்தான் காசு வரும். ஆக, அவள் பந்தயம் என் வாயில் வந்து மாட்டிக்கொண்டது.

என் செட்டுத் தரை பூராவும் கான்கிரீட். நானே நின்று போட்டது, இருபது வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை லாரிகளை வெளியே நிறுத்தி, டீசல் சிந்திய இடத்தையெல்லாம் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்டீவ் சுண்ணாம்புப் பொடியில் பெரிய வட்டம் போட்டான். சரண்யா தோல் உடுப்பு மாட்டி, முட்டியில் பிளாஸ்டிக் வில்லை கட்டி வந்தாள். அந்த வில்லை தேயத்தான் கட்டுவது.

சுற்றினாள். வண்டி சாய்ந்தது, இன்னும் சாய்ந்தது. ஆள் மட்டும் அதே கம்பு. முட்டியை நீட்டுகிறாள், எட்டவில்லை. இன்னும் சாய்த்தாள். கால்மிதி தரையில் இடித்துத் தீப்பொறி பறந்தது. மிதி ஊன்றியதில் பின் டயர் தூக்கிவிட்டது. வண்டி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். போகிற போக்கில் முட்டி வில்லை தரையில் சரக்கென்று கோடு போட்டது.

ஓடிப்போய்த் தூக்கினோம். ஒரு சிராய்ப்பு இல்லை, சிரிக்கிறாள்.

“உரசிருச்சு! காமண்ணே, எடுங்க காசை!” என்றான் டீக்கடைக்காரன்.

நான் சொன்ன சொல் மாறாதவன். “இந்தா தாயி, உரசிருச்சுன்னே வச்சுக்குவோம்” என்று ஜிப்பாப் பையில் கைவிட்டேன்.

“வேண்டாம், பெரியப்பா. எந்திரிச்சு வந்தாத்தானேன்னு சொன்னீங்க? விழுந்து வாங்குற காசுல டயர் போட்டா, அந்த டயரும் என்னைய விழுத்தாட்டும். பாக்கி இருக்கட்டும்.”

எனக்கா பாக்கி! மறுநாளிலிருந்து டீக்கடையில் இதே பேச்சு. “என்ன காமண்ணே, பால்பாக்கி அடைச்சாச்சா?” சொந்தச் செட்டு வாசலில் நின்று டீ குடிக்க முடியவில்லை. எவனாவது என்னைப் பார்த்துப் பாக்கி என்ற வார்த்தையைச் சொல்லி நாற்பது வருஷம் ஆகிறது.

வாரம் வாரம் ஞாயிறு வந்தது. ஸ்டீவ் தொண்டை கிழியக் கத்தினான். “உடம்ப உள்ள போடு, சரண்யா! வண்டிய நிமித்து, நீ தொங்கு! நீ எம்புட்டுத் தொங்குறியோ அம்புட்டுக்கு வண்டி கம்மியாச் சாஞ்சாப் போதும். அப்பத்தான் மிதி இடிக்காது.” அவள் தலையை ஆட்டுவாள். வட்டத்துக்குள் போனதும் முதுகு தானாக நிமிர்ந்துவிடும். அஞ்சு வருஷம் பால் அலம்பாமல் ஓட்டிய உடம்பு அது. யார் சொன்னாலும் கேட்குமா? பெயர் கொடுக்க ஒரே ஒரு வாரம் பாக்கி. ஸ்டீவ் கத்துவதையும் நிறுத்திவிட்டான்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் சரண்யா வந்த கோலத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வலது கேன் அடியில் ஓட்டை, பற்றவைக்கக் கொடுத்திருந்தார்கள். இடது பக்கம் மட்டும் நிறைபாலோடு ஒரு கேன் தொங்குகிறது. இவள் சீட்டில் பாதிதான் இருக்கிறாள். பிருஷ்டம், இடுப்பு, தோள் எல்லாம் வலது பக்கம் வெளியே தொங்க, முட்டியை அகட்டிக்கொண்டு வருகிறாள். வண்டியோ கோடு போட்ட மாதிரி நேராக வருகிறது.

“என்ன தாயி, பாதி சீட்டை வாடகைக்கு விட்டுட்டியா?”

“ஒத்தக் கேன், பெரியப்பா. நான் இங்கிட்டுத் தொங்கலேன்னா வண்டி அங்கிட்டு விழுந்துரும்ல…”

சொன்னவள் அப்படியே நின்றுவிட்டாள். பால் என் சொம்பு நிறைந்து கையில் வழிகிறது, அவள் பார்க்கவில்லை. சொட்டு சிந்தாதவள் என்றேனே, அன்றைக்குக் கால்படி சிந்தினாள்.

“பெரியப்பா! வலப்பக்கம் திரும்பும்போது நம்மள வெளிய, இடப்பக்கமாத்தானே தள்ளுது?”

“ஆமா. லாரியே அப்படித்தான் கவிழும்.”

“அப்ப, இடப்பக்கம் ஒத்தக் கேன் கட்டியிருக்குன்னு நெனச்சுக்கிறணும். கண்ணுக்குத் தெரியாத கேன். வேகம் கூடக்கூட, கேன்ல பால் கூடுது. அம்புட்டுத்தான்!”

மீதிப் பாலை வீடுகளுக்கு ஊற்றாமலே பைக்கை எடுக்கத் திரும்பிப் போகப் பார்த்தாள். நான்தான் அதட்டி அனுப்பினேன். நான் சிரித்துக் கேட்டதனால்தான் அவளுக்குப் பொறி தட்டியது என்று இன்றைக்கும் நான் சொல்வேன். கேன் ஓட்டையானதால்தான் என்று பேச்சிமுத்து சொல்வார். ஓட்டைக்கு என்ன பெருமை வேண்டிக்கிடக்கிறது?

ஞாயிறு வந்தது. அதுதான் கடைசி ஞாயிறு, திங்கட்கிழமை பெயர் கொடுக்கவேண்டும். பேச்சிமுத்துவும் மூட்டில் தைலம் தேய்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார். டீக்கடைக்காரன் அடுப்பை அணைத்துவிட்டு வந்தான்.

“அண்ணே, மொதத் தடவை மாதிரி விழுந்துட்டா?” என்றார் பேச்சிமுத்து என் காதில்.

“என் கான்கிரீட்டுல விழ மாட்டா” என்றேன். சொல்லிவிட்டு, எங்கேயாவது டீசல் வழுக்குகிறதா என்று செருப்பால் தரையைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டேன்.

டயர் சூடேற நிதானமாகச் சில சுற்று. பிறகு வேகம் கூட்டினாள். முதல் தடவையாக உடம்பு சீட்டை விட்டு இறங்கியது. பாதி இடுப்பு வெளியே, தலை கண்ணாடி இருக்கவேண்டிய இடத்துக்கும் கீழே. வெளிப்பக்கத் தொடையால் டாங்கியை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். கை இரண்டும் தொட்டில் கயிறு மாதிரி தளர்ச்சி. கண் தரையைப் பார்க்கவில்லை, வட்டத்தின் அந்தக் கோடியைப் பார்க்கிறது. ஆக்ஸிலேட்டரை விடவும் இல்லை, முறுக்கவும் இல்லை, ஒரே சீர். வேகம் குறைந்தால் சாய்ந்தது சாய்ந்தபடி விழும் என்று ஸ்டீவ் சொல்லியிருந்தான். ஆக, அந்தச் சாய்மானத்தைத் தாங்கிப் பிடிப்பதே வேகம்தான். நாற்பது வருஷ லாரியில் எனக்குத் தெரியாத சங்கதி.

“கேன் ரொம்பிருச்சு! தொங்கு, தொங்கு!” என்று கத்தினார் பேச்சிமுத்து. மூட்டுவலிக்காரர் எழுந்து நிற்கிறார்.

சர்ர்ர்ர் என்று ஒரு சத்தம். அரிவாள்மணையில் தேங்காய் துருவுகிற மாதிரி. வில்லை தரையைத் தொட்டுவிட்டது. கால்மிதிக்கும் தரைக்கும் நடுவே நன்றாக வெளிச்சம் தெரிந்தது. பொறி இல்லை, இடி இல்லை. அரை வட்டம் உரசிக்கொண்டே போனவள், திருப்பம் முடிகிற இடத்தில் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கினாள். படுத்திருந்த கன்றுக்குட்டி எழுந்த மாதிரி வண்டி நிமிர்ந்தது. நிற்கவில்லை. இன்னொரு சுற்று, சர்ர்ர்ர். இன்னொன்று.

ஸ்டீவ் சுண்ணாம்புப் பொடியைத் தன் தலையிலேயே கொட்டிக்கொண்டான். டீக்கடைக்காரன் விசிலடித்த விசிலில் பக்கத்து வீட்டு நாயெல்லாம் சேர்ந்துகொண்டது. நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கம்பீரமாக நின்றேன். கண்ணில் சுண்ணாம்பு விழுந்திருந்தது, அவ்வளவுதான்.

வண்டியை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். முட்டி வில்லையைக் காட்டினாள். ஒரு ஓரம் சீவிவிட்ட மாதிரி தேய்ந்திருந்தது.

“இப்ப எடுங்க, பெரியப்பா.”

“எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. இந்தத் தரை யாரு போட்டது?”

“நீங்க போட்டது.”

“ஒத்தக் கேனைப் பார்த்துச் சிரிச்சது யாரு?”

“நீங்கதான். காசை எடுங்கன்னா…”

“அண்ணே, பேச்சக் கொறைங்க, டயர்க் கடைய அடைச்சிருவாங்க” என்றான் ஸ்டீவ்.

ஐந்நூறு ரூபாய்த் தாளாக, பேங்கில் கேட்டுப் புதுக்கட்டாக வாங்கி வைத்திருந்தேன். அவள் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினாள். வியர்த்துச் சிவந்த கை. ஓரத்தில் கேன் பிடித்த காய்ப்பு. வியாபாரம் பழகியவன் முதல் தாளை ஒன்று என்று சொல்லமாட்டான். “லாபம்” என்று வைத்தேன். “ரெண்டு, மூணு…”

“சத்தமா, காமண்ணே! எங்களுக்கும் கேக்கணும்ல!”

கேட்கும்படியாகத்தான் எண்ணினேன். ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும். “முப்பத்தி நாலு, முப்பத்தி அஞ்சு” என்று, கடைசித் தாளை அந்த உள்ளங்கையில் வைத்து அழுத்தினேன்: “முப்பத்தி ஆறு.”