தேவன் அண்ணையின் கலங்கல் சைடர்

வேலை முடிந்து சென்ட் லோரன்டில் பேருந்துக்காக நின்றபோதுதான் செய்தி வந்தது. தேவன் அண்ணை மருத்துவமனையில் காலமாகிவிட்டார். மருந்துத் தொழிற்சாலையில் அவரோடு ஒரே பெல்ட்டில் நின்று பெட்டி அடைத்த உங்களுக்கெல்லாம் முதலில் அவருடைய சிரிப்பு நினைவுக்கு வந்திருக்கும். எனக்கு வந்தது, என் வீட்டு சிங்க்குக்கு அடியில் கிடக்கும் ஒரு பாட்டில்.

இலையுதிர் காலம் வந்தால் அண்ணைக்கு வேறு நினைப்பே இருக்காது. தோட்டத்தில் உதிர்ந்த ஆப்பிளைச் சாக்குச் சாக்காக வாங்கிவந்து, ரொக்ஸ்பரோவில் இருந்த தன் வீட்டின் நிலவறையில் பிழிந்து, புளிக்கவைத்து, சைடர் என்கிற ஆப்பிள் மது போடுவார். மதிய இடைவேளையில் ஒருநாள் நான் கடைச் சைடரைப் புகழ்ந்துவிட்டேன். விட்டாரா மனிதர்?

"அது சோடா, தம்பி. வடிகட்டி, சீனி போட்டு, காஸ் அடிச்சு விக்கிறாங்கள். எந்தப் போத்தலைத் திறந்தாலும் ஒரே ருசி. நான் ஈஸ்டும் போடுறேல்லை, சீனியும் போடுறேல்லை. தோலில இருக்கிறதே புளிக்க வைக்கும். கலங்கலாத்தான் இருக்கும், நுரையும் வராது. முதல் வாய்க்கு முகம் கோணும். ரெண்டாவது வாயிலதான் ஆப்பிள் தெரியும்."

டொலார்டில் நான் வீடு வாங்கி விருந்து வைத்த அன்று அதில் ஒரு பாட்டில் கொண்டுவந்தார். பழைய வைன் பாட்டில், லேபிள் கிடையாது, அடியில் வண்டல். கூடத்தில் எங்கள் மேலாளர் உட்கார்ந்திருந்தார். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. சமையலறைக்குக் கொண்டுபோய் சிங்க்குக்கு அடியில் தள்ளிவிட்டு, தெருமுனை டெப்பனர் கடையில் வாங்கிய பளபளப்பான சைடரை எல்லோருக்கும் ஊற்றினேன். அண்ணைக்கும் அதையே ஊற்றினேன். வாங்கிக் குடித்தார்.

மறுவாரம் பெல்ட்டில் நிற்கும்போது மெதுவாகக் கேட்டார்.

"குடிச்சுப் பாத்தனீரோ?"

"பிரமாதம் அண்ணே! ஒரு சொட்டு மிச்சமில்லை."

"ரெண்டாவது வாயில தெரிஞ்சதோ?"

"நல்லாவே தெரிஞ்சுது."

வாய் கூசாமல் புளுகினேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அவர் நோயில் படுக்கையில் விழுந்த பிறகு பார்க்கப் போனபோதெல்லாம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். ஊசி ஏறிய கையைப் பார்த்ததும் வேறு எதையாவது பேசிவிட்டு வந்துவிடுவேன்.

இறுதிச் சடங்கு முடிந்து வெளியே வந்தபோது அவருடைய மகள் என்னை நிறுத்தி ஒரு பாட்டிலை நீட்டினாள்.

"அப்பா இதை உங்களுக்கெண்டு எடுத்து வச்சவர். மற்ற எல்லாரும் சிரிச்சுக்கொண்டு ஒரு மூலையில வச்சிட்டுப் போயிடுவினம், நீங்கள் ஒருத்தர்தான் குடிச்சு முடிச்சனீங்கள் எண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர்."

என்னால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பாட்டிலை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சிங்க்குக்கு அடியில் கிடந்ததைத் துடைத்துத் திறந்தேன். முதல் வாய்க்கு முகம் கோணியது. இரண்டாவது வாயில் ஆப்பிள் தெரிந்தது, அவர் சொன்னது போலவே. அதைக் கேட்க அவர் இல்லையே என்று சமையலறையில் நின்று அழுதேன்.

மகள் தந்த பாட்டிலை இன்னும் திறக்கவில்லை. அண்ணையிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அவரை அறிந்தவர்கள் ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள். கூடத்தில் வைத்தே ஊற்றுகிறேன்.