தட்டு மாற்றும் நேரத்தில் கேட்ட மேளம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. சகுனத்தைக் கேலி செய்கிறாள் என்று பெரியவர்கள் மனம் வருந்துவார்களோ என்று ஒரு பயம். நாலெழுத்து மட்டுமே படித்தவளுக்கு எழுத வருமா என்ற கூச்சம் வேறு. சகுனத்தை நான் இன்றைக்கும் மதிக்கிறவள்தான். எங்கள் மலைச் சாமி அறப்பளீஸ்வரர் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் இன்னும் போகாத சமயம். கொல்லிமலையில் குண்டனி நாட்டில் எங்கள் வீடு; சில ஊர்கள் சேர்ந்ததை மலையில் நாடு என்போம். மலைக்கு அப்போது ரோடு கிடையாது. எது வேண்டுமானாலும் தலைச்சுமையாகத்தான் ஏற வேண்டும். அப்படி ஏறி வந்ததுதான் செம்மேட்டில் கடை வைத்திருந்த என் தாய்மாமாவின் ரேடியோ. காப்பித் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பெட்டி. பேட்டரி தீர்ந்தால் ஒரு ஆள் அதைச் சுமந்துகொண்டு சேந்தமங்கலம் இறங்கி, சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அதனால் மாமா அதைத் தினமும் வைக்க மாட்டார். சந்தை நாள் சாயங்காலம் ஒரே ஒரு நிகழ்ச்சிக்காக வைப்பார்.

அது ஒரு வீணை வித்துவான் நடத்தியது. கொஞ்ச நேரம் தானே வாசிப்பார். பிறகு இசைத்தட்டுகள் போடுவார். கச்சேரிப் பாட்டு வரும், வடக்கத்திப் பாட்டு வரும், இங்கிலீஷ் பாண்டு வரும், எங்கோ படகு வலிப்பவர்கள் பாடுவதும் வரும். அவரிடம் ஒரு வழக்கம். முதலில் பாட்டைப் போட்டுவிடுவார். அது எந்த ஊருடையது, எதற்குப் பாடுவது என்பதைக் கடைசியில்தான் சொல்லுவார். பேரை முதலில் சொன்னால் காது பாதி மூடிக்கொள்ளும் என்பார். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பார்கள்.

என்னைப் பெண் கேட்டு அதற்கு முன்பே இரண்டு இடம் வந்து, இரண்டும் சகுனத்தில் தட்டிப்போயிருந்தன. ஒரு தடவை பூனை, ஒரு தடவை பல்லி. மூன்றாவதும் போனால் ராசியில்லாதவள் என்ற பேர் நிலைத்துவிடும். பிறகு மலையில் யாரும் எங்கள் வாசலை மிதிக்க மாட்டார்கள். அம்மா ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள் மலையிலேயே அடுத்த நாட்டுக்காரர்கள். மாப்பிள்ளை, அவர் அப்பா, அம்மா மூன்று பேர். அன்றைக்குச் சந்தை நாள். மாமா கடையைச் சாத்திவிட்டு ரேடியோவை எங்கள் வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டார்.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஒரு தடவை இதைப் பாத்துட்டுப் போகட்டும் மச்சான். நம்ம கௌரதை என்னாகிறது?" என்றார் அப்பாவிடம்.

வீணை வாசித்தது. பாண்டு வந்தது. மாப்பிள்ளையின் அப்பா, "இத்தன பேரும் இந்தப் பொட்டிக்குள்ள சாப்பாட்டுக்கு என்னங்க பண்றாங்க?" என்று கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் உள்ளே கதவோரம் நின்றிருந்தேன். அப்பா வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்தார். மாப்பிள்ளையின் அப்பாவும் கை நீட்டினார். அந்த நேரத்தில்தான் ரேடியோவில் மேளம் கிளம்பியது.

ஒரு அடி. ஒரு நிறுத்தம். சேர்ந்தாற்போல இரண்டு அடி. எங்கள் ஊரில் பாடை எடுக்கும்போது அடிக்கிற அதே அடி.

தட்டு மாற்றும்போது சாவு மேளம் காதில் விழுந்தால், தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லிக்கொள்ளாமல் போய்விட வேண்டும். அது எங்கள் மலை வழக்கம். அவர் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு எழுந்தார். மாமா பதறிப்போய் ரேடியோவை நிறுத்த ஓடினார்.

"இனி நிறுத்தி என்னங்க ஆகுது? காதுல உழுந்தது உழுந்ததுதான்," என்றார் அவர்.

அப்பனே, இந்தத் தடவையுமா என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது, அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளையின் குரல் கேட்டது.

"நிறுத்தாதீங்க. அப்பா, செத்த நேரம் இருங்க. அவரு இன்னும் சொல்லலீங்களே."

"எவருடா?"

"வித்துவானுங்க. கடைசியிலதான் சொல்லுவாரு. நான் சந்தைக்குப் போறப்பெல்லாம் கேட்டிருக்கேன்."

"சாவு மேளத்துக்கு அர்த்தம் சொல்ல ஒரு வித்துவான் வேணுமா சாமி உனக்கு?"

ஆனாலும் அவர் வாசற்படியில் நின்றார். மேளம் முடிந்தது. வித்துவான் பேச ஆரம்பித்தார். பேட்டரி தீரும் நேரம், குரல் கிணற்றுக்குள் போவதுபோல இறங்கிக்கொண்டே போனது. மாமா பெட்டியில் காதை வைத்தார். அம்மா அடுப்பை விட்டு ஓடி வந்தார். மாப்பிள்ளையும் குனிந்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் எல்லோரும் ஒரு மரப்பெட்டியைச் சுற்றி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள்.

கடலுக்கு அப்பால் ஏதோ ஒரு தேசம் என்றார். அங்கே பிள்ளை பிறந்த வீட்டு வாசலில், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆயுசு வேண்டி அடிக்கும் மேளம் என்றார். அத்தோடு ரேடியோ அடங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் சிரித்தார்.

"புள்ளை பொறந்த மேளமாமுங்க. கண்ணாலத்துக்கு முன்னாடியே அடிச்சுப்போட்டாங்க. வந்து தட்டை வாங்குங்க."

"அது அவங்க ஊருக்குப் புள்ள. நம்ம ஊருக்குச் சாவுதான?" என்றார் அவர் விடாமல்.

"மேளம் அவங்களுது. சேதியும் அவங்க சொல்றதுதானுங்க. நாம எப்படி மாத்துறது?" என்றார் அந்த அம்மா.

மாப்பிள்ளையின் அப்பா வாசற்படியிலிருந்து திரும்பி வந்து, மறுபடி கை கால் கழுவி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் தட்டை வாங்கினார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

எங்களுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்தபோது, அதே மாமனார்தான் வாசலில் உட்கார்ந்து தவலையைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு அடி, நிறுத்தம், இரண்டு அடி என்று தட்டினார். பக்கத்து வீட்டார் யார் செத்தது என்று ஓடி வந்தார்கள்.

அந்த வித்துவானை நாங்கள் பார்த்ததில்லை. தன் பேச்சைக் கேட்க மலைமேல் ஒரு பெண் கதவோரம் நின்றாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது. என் வீட்டுக்காரர் மட்டும், நான் யார் மேலாவது அவசரப்பட்டுக் கோபித்தால், "இரு, அவரு இன்னும் சொல்லல," என்பார். என் கோபம் அங்கேயே நின்றுவிடும்.

இதைச் சொல்லும்போது எங்கள் மாமா, ரேடியோவில் சாமியே பேசியதாகச் சேர்த்துவிடுவார். சாமி பேசவில்லை. வாசற்படி வரை போனவரைச் சற்று நிற்க வைத்தது, அவ்வளவுதான். எனக்கு அதுவே பெரிது. வாசிக்கிறவர்கள் யாருக்காவது இதைச் சொன்னால், எதையும் கூட்டாமல் குறைக்காமல், நாங்கள் அதைச் சாவு மேளம் என்று பயந்ததையும் விட்டுவிடாமல், நடந்தபடியே சொல்லுங்கள்.